மூன்றாம் பக்கம்

"மேடம், நீங்க மூணாம் பக்கம் படிச்சீங்களா?"

முதலாமாண்டு வணிகவியல் வகுப்பில், தமிழ்ப் பாடவேளையில், கனிஷ்கா எழுந்து நின்று இப்படிக் கேட்டாள். திருத்தித் தரப்பட்ட அவளுடைய கட்டுரை கையில் இருந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த மஞ்சுளா திரும்பி அவளைப் பார்த்தார். வேறு எந்த ஆசிரியராக இருந்தாலும், 'எல்லாம் படிச்சாச்சு, உக்காரு' என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருப்பார். அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருப்பாள். மஞ்சுளா சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு, "இல்ல சாமி, படிக்கல," என்றார்.

அந்த ஒரு பதில்தான் அவர் வேலைக்கு உலை வைத்தது.

அன்று மாலைக்குள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவரும் தம் தாளில் மஞ்சுளா எழுதியிருந்த கருத்துரையைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். 'சிந்தனைத் தெளிவு பாராட்டுக்குரியது' என்று சிலருக்கு. 'மேலும் எடுத்துக்காட்டுகளைச் சேர்த்தால் கட்டுரை மெருகேறும்' என்று பலருக்கு. சொற்கள் முன்னும் பின்னும் மாறியிருந்தனவே தவிர, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. எழுத்து மேடத்துடையது, பேச்சு போனுடையது என்பது மாணவர்களுக்குப் புரிந்துபோயிற்று. போனில் இருக்கும் அதே செயற்கை நுண்ணறிவிடம்தானே அவர்களும் தினமும் பேசுகிறார்கள். மறுநாள் காலையில் ஒரு மாணவரின் தந்தை அந்தப் படங்களையெல்லாம் முதல்வருக்கே அனுப்பி, 'பீஸ் வாங்கறது நீங்க, பேப்பர் திருத்தறது போனுங்களா?' என்று கேட்டிருந்தார்.

முதல்வர் சென்னியப்பன் தஸ்னீமை அழைத்தார்.

தஸ்னீம் சேலத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துபோகிறவள். தமிழ்த்துறையில் நிரந்தரப் பணி. நவீனத் திறனாய்வில் வாசகரின் இடம் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவள். போதாக்குறைக்குக் கல்லூரியின் செயற்கை நுண்ணறிவு ஒருங்கிணைப்பாளர் என்ற பொறுப்பும் சென்ற ஆண்டு அவள் தலையில் வந்து விழுந்தது. கணினித் துறையில் ஆள் இல்லாமல் இல்லை. ஆனால், 'மிஷின் எப்பிடி ஓடுதுன்னு அவங்களுக்குத் தெரியும்; அது எழுதறது நல்லா இருக்குதான்னு உங்களுக்குத்தானுங்களே தெரியும்' என்று முதல்வர் சொன்னபோது அவளுக்கு அந்த வாதம் பிடித்துப்போய்விட்டது. சென்னையில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்கு ஆசையோடு போய்வந்தாள்.

கல்லூரி நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே, கோழிப் பண்ணைகள் சூழ்ந்த மேட்டில் இருந்தது. காற்று திசை மாறும் நாட்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் பாடம் நடத்த வேண்டும். முதல்வர் அறையின் ஜன்னல் அன்று சாத்தியிருந்தது.

"உக்காருங்க மேடம். காலேஜுக்குத் தரம் போட ஆய்வுக் குழு வரப்போற நேரத்துல நாம இப்பிடி நாறிப்போனா நல்லாருக்குமுங்களா?" என்றார் சென்னியப்பன். "நீங்க ஒரு அறிக்க எழுதிக் குடுங்க. ரெண்டே பாரா. பயிற்சி நல்லாத்தான் குடுத்தோம், ஒருத்தங்க மட்டும் அதத் தப்பாப் பயன்படுத்திட்டாங்க, நடவடிக்க எடுத்துட்டோம். முடிஞ்சுது."

"நடவடிக்கைன்னா, சார்?"

"அந்தம்மா ஒப்பந்தம் மே மாசத்தோட முடியுதில்லீங்க? புதுப்பிக்காம உட்டாப் போதும். தனியா ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்களுக்கும் அதுதான் நல்லதுங்க. பயிற்சி நடத்துனது நீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?"

ஞாபகம் இருந்தது.

அந்தக் கல்லூரியில் அசைன்மெண்ட் திருத்துவதற்கென்று ஒரு முறை இருந்தது. பக்கத்துக்கு ஒரு சிவப்பு டிக்; முகப்புத் தாளில் மதிப்பெண்ணும் கையெழுத்தும். அவ்வளவுதான். பருவம் முடிந்ததும் கட்டுகள் ஒரு பூட்டிய அறைக்குப் போகும்; அங்கிருந்து பழைய பேப்பர்காரரிடம் போகும். டிக்கில் படிப்பு கிடையாது என்பது மாணவர்களுக்கும் தெரியும். வரலாற்றுத் துறை மாணவன் ஒருவன் பத்துப் பக்கக் கட்டுரையின் நடுவில் பிரியாணி செய்முறையை எழுதிவைத்து ஒன்பது மதிப்பெண் வாங்கிய கதை இன்றும் கேன்டீனில் உலவுகிறது. யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நினைத்துக்கொள்ளவில்லை. அது ஒரு ஏற்பாடு.

ஆய்வுக் குழு வரப்போகிறது என்றதும் அந்த ஏற்பாட்டுக்கு ஆபத்து வந்தது. ஒவ்வொரு தாளிலும் குறைந்தது இரண்டு வரி கருத்துரை இருக்க வேண்டும் என்று முதல்வர் சுற்றறிக்கை விட்டார். ஆளுக்கு நான்கு வகுப்பு, வகுப்புக்கு அறுபது பேர். ஆசிரியர் அறையில் ஒரே முனகல். "உங்க மிஷின்ல இதுக்கு ஏதாச்சும் வழி இருந்தாச் சொல்லிக் குடுங்க மேடம்," என்று முதல்வரே தஸ்னீமிடம் கேட்டார். அப்படித்தான் அந்தப் பிற்பகல் பயிற்சி நடந்தது.

தஸ்னீம் அதற்கு மனம் ஊன்றித் தயாரித்திருந்தாள். மாணவர்கள் போனைக் கேட்டு எழுதிவிட முடியாதபடி கேள்விகளை அமைப்பது எப்படி. எழுதியதைப் பற்றி மாணவரோடு ஐந்து நிமிடம் பேசிப் பார்ப்பது ஏன் நல்லது. எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்பதை வகுப்பின் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது. இவற்றையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது அரங்கம் பாதித் தூக்கத்தில் இருந்தது. தாளைப் படம் பிடித்துக் கொடுத்தால் கருத்துரைக்கு ஒரு வரைவு கிடைக்கும் என்று செய்துகாட்டியபோதுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"மேடம், ஒரு வாட்டிக்கு எத்தன பக்கம் போடலாமுங்க?" என்று வணிகவியல் துறை மணிமாறன் எழுந்து கேட்டார்.

"இலவசமா கிடைக்கறதுல கொஞ்சம்தான் சார். ரொம்பப் போட்டா நாளைக்கு வான்னு சொல்லிடும்."

"அப்ப மொத ரெண்டு பக்கம் போதுமுங்களே! கடைசிப் பக்கத்துல நம்ம புள்ளைங்க என்னத்த எழுதப்போகுது? 'இதுகாறும் கண்டவற்றால்'னு ஆரம்பிச்சு மேல சொன்னதையே திருப்பிச் சொல்லியிருக்கும்."

அரங்கம் சிரித்தது. தஸ்னீமும் சிரித்தாள். அது நியாயமான கேலி; அவளே மாணவியாக இருந்தபோது அப்படித்தான் முடிவுரை எழுதியிருக்கிறாள். 'பயன்படுத்துமுன் தாளை முழுமையாகப் படித்துக் கருத்துரையைத் திருத்திக்கொள்ளவும்' என்ற வரி கடைசித் திரையில் கடைசி வரியாக இருந்தது. அது திரையில் வந்தபோது பின்கதவு வழியாக டீயும் மிளகாய் பஜ்ஜியும் வந்துவிட்டன.

அந்த வரி இன்றும் கோப்பில் இருக்கிறது. அவளுக்கு அதுவே கவசம். இரண்டு பாரா அறிக்கையில் அதை மேற்கோள் காட்டினால் போதும். ஒருவரும் அவளைக் கேட்க முடியாது.

மதிய உணவு வேளையில் அவள் மஞ்சுளாவைத் துறை அறையில் தனியாகப் பிடித்தாள். மஞ்சுளா அவளைவிட மூத்தவர், ஜேடர்பாளையத்திலிருந்து வருகிறவர், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் ஆறாவது ஆண்டு. தஸ்னீம் அவரை அக்கா என்பாள். அவர் இவளை மேடம் என்பதை ஒருநாளும் விட்டதில்லை.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? படிச்சேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே."

"பொய் சொல்லோணும்னு தோணலீங்க மேடம். அந்தப் புள்ள நேரா கண்ணப் பாத்துக் கேட்டுச்சு." மஞ்சுளா டிபன் பாக்ஸைத் திறக்காமலே வைத்திருந்தார். "மொதக் கட்டு நாந்தானுங்க படிச்சேன். பஸ்ஸுல வரயில பாதி, போகயில பாதி. பென்சில்ல எழுதிக் குடுத்தேன். ரெண்டாங் கட்டு வந்தப்ப முடியலீங்க. நீங்க சொல்லிக் குடுத்த வழி இருந்துச்சு."

குற்றம் சாட்டுகிற தொனி அதில் இல்லை. அதனாலேயே அது தஸ்னீமுக்குச் சுருக்கென்றது.

"எத்தனை பக்கம் படம் புடிச்சீங்க?"

"ரெண்டு. எல்லாத்துக்கும் ரெண்டு."

"அந்தப் பொண்ணோட பேப்பர் உங்ககிட்ட இருக்கா?"

"கேட்டு வாங்கியாந்தேன்," என்று மஞ்சுளா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

கட்டுரைத் தலைப்பு மஞ்சுளா கொடுத்ததுதான்: 'என் வீட்டில் ஓர் ஓசை.' தஸ்னீம் படிக்கத் தொடங்கினாள். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வீடு. அங்கே எல்லாமே சத்தம். அம்மா அடுப்படியிலிருந்தே தெருவுக்குக் கேட்கும்படி பேசுகிறாள். தொலைக்காட்சி உச்சத்தில் அலறுகிறது. 'உங்க ஊட்ல என்ன, தினமும் சண்டையா?' என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் விசாரிக்கிறார்கள். சிரிப்பு வரும்படி எழுதியிருந்தாள். வடக்கே ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் பல ஆண்டு வேலை பார்த்த அப்பா இப்போது வீட்டோடு இருக்கிறார். இரண்டாம் பக்கம் இப்படி முடிந்தது: 'எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். அப்பா மட்டும் பேசவே மாட்டார்.'

தஸ்னீம் தாளைத் திருப்பினாள்.

மூன்றாம் பக்கத்தில் 'இதுகாறும் கண்டவற்றால்' இல்லை. ரிக் வண்டியின் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று நின்று அப்பாவின் காது போய்விட்டது என்றிருந்தது. அவர் அதை யாரிடமும் ஒப்புக்கொள்வதில்லை. எல்லோருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோரும் சிரித்து முடித்தபிறகு சிரிப்பார். ஒருநாள் அவருக்குப் பின்னால் நின்று, 'அப்பா' என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன், அவர் திரும்பவில்லை, அன்றிலிருந்து நான் முன்னால் போய் நிற்காமல் அவரோடு பேசுவதில்லை என்று எழுதியிருந்தாள். கடைசி வரி இது: 'இதை நான் யாரிடமும் சொன்னது இல்லை. மேடம் படிப்பீங்க என்பதால் எழுதியிருக்கிறேன்.'

முகப்புத் தாளில், மதிப்பெண்ணுக்குக் கீழே, மஞ்சுளாவின் அழகான கையெழுத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தது: 'விறுவிறுப்பான தொடக்கம். ஆனால் கட்டுரை திடீரென நின்றுவிடுகிறது. தந்தையோடு உரையாடி, அவர் கேட்ட ஓசைகளையும் சேர்த்திருந்தால் முழுமை பெற்றிருக்கும்.'

வெளியே மாணவர்கள் கை கழுவும் குழாயடியில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மிஷின் மேல தப்பு இல்லீங்க," என்றார் மஞ்சுளா. "அதுக்கு ரெண்டு பக்கந்தான் காட்டுனேன். பாதியில நிக்குதுன்னு சரியாத்தான் சொல்லியிருக்குது. நாந்தான் பாதிய மடிச்சு வெச்சுட்டேன்."

அன்று பேருந்தில் சேலத்துக்குத் திரும்பும்போது தஸ்னீமால் வேறெதையும் நினைக்க முடியவில்லை. ஒரு பிரதி தனக்கான வாசகரைத் தானே படைத்துக்கொள்கிறது என்று தன் ஆய்வேட்டில் ஓர் இயல் முழுக்க நிறுவியிருந்தாள். வாய்மொழித் தேர்வில் அந்த இயலைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் இந்த மூன்று பக்கங்கள் உருவான வழி தலைகீழாக இருந்தது. முதல் கட்டுரையில் மஞ்சுளா பென்சிலால், 'உங்க அம்மா ஏன் அப்படிச் சொன்னாங்க?' என்பதுபோல ஏதோ கேட்டிருக்கிறார். யாரோ படிக்கிறார் என்பதை ஒரு பெண் வாழ்க்கையில் முதன்முறையாக அறிந்திருக்கிறாள். அந்த அறிவிலிருந்துதான் மூன்றாம் பக்கம் பிறந்தது. வாசகர் முதலில் வந்தார். பிரதி பிறகு வந்தது. வந்து பார்த்தபோது வாசகரைக் காணோம்.

ராசிபுரம் தாண்டும்போது இன்னொன்றும் உறைத்தது. கருத்துரையை போனிடம் வாங்கியது மஞ்சுளா மட்டுமல்ல. மணிமாறன் வாங்கினார். வரலாற்றுத் துறை வாங்கியது. தஸ்னீமே வாங்கினாள், தாள்களை வேகமாக மேய்ந்துவிட்டு, வரைவில் இங்கொரு சொல் அங்கொரு சொல் மாற்றி எழுதினாள். கல்லூரி முழுக்க ஆயிரக்கணக்கான தாள்களில் அதே சிவப்பு மை. ஏன் ஒரேயொரு வகுப்பில் மட்டும் கேள்வி எழுந்தது?

அதைத் தெரிந்துகொள்ள மறுநாள் தன் வகுப்பிலேயே கேட்டாள். "போன அசைன்மெண்ட்ல நான் எழுதிக் கொடுத்ததை யாரெல்லாம் படிச்சீங்க?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மார்க்கு பாத்தோமுங்க மேடம்," என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

"மார்க்குக்குக் கீழ எழுதியிருந்தது?"

"அது... அல்லாரு பேப்பர்லயும் இருந்துச்சுங்களே." பிறகு, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டாள்: "அது எங்களுக்கு எழுதுனதுங்களா மேடம்? ஆய்வுக் குழுவுக்குன்னு நெனச்சோம்."

வகுப்பு சிரித்தது. தஸ்னீமால் இம்முறை சிரிக்க முடியவில்லை. அந்த வகுப்பின் கட்டுரைகளில் பாதி போன் எழுதிக்கொடுத்தது என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய கருத்துரையும் போன் எழுதிக்கொடுத்ததுதான் என்பது அவர்களுக்குத் தெரியும். இரண்டு போன்களுக்கு நடுவே தாள் சுமக்கிற வேலையை அவளும் அவர்களும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார்கள். அதனால் யாருக்கும் காயம் இல்லை. காயம் பட்டது, எழுதியதைப் படிப்பார்கள் என்று ஒருத்தி நம்பிய இடத்தில் மட்டும்தான். கல்லூரியிலேயே அந்த நம்பிக்கையை உண்டாக்கியவர் ஒருவர். வேலை போகப்போவது அவருக்கு.

அந்த வாரத்திலேயே முதல்வர் கனிஷ்காவையும் வரச்சொன்னார். கோப்பில் வைக்க மாணவியின் கையால் ஒரு புகார் வேண்டியிருந்தது. ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் தஸ்னீமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பயப்படாத கண்ணு," என்றார் சென்னியப்பன். "மேடம் படிக்காம மார்க் போட்டுட்டாங்கன்னு நாலு வரி எழுதிக் குடு. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

கனிஷ்கா துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் மட்டும் கணீரென்று இருந்தது. வீட்டில் கத்திப் பேசிப் பழகிய குரல். "மத்த சாரு மேடமெல்லாம் படிச்சுத்தான் போடறாங்களாங்க சார்?"

"அத நீ கேக்கப்படாது."

"சரிங்க சார். எனக்குப் புகாரு இல்லீங்க."

"பின்ன எதுக்குக் கிளாஸ்ல எந்திரிச்சுக் கேட்ட?"

"தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேனுங்க. இல்லைன்னு சொன்னாங்க. அன்னைக்குப் பூரா எனக்கு அழுக அழுகையா வந்துச்சுங்க, அத நான் மறைக்கல. பொறவு மேடமே வந்து பேப்பர வாங்கிட்டுப் போயிப் படிச்சாங்க. படிச்சுட்டு வந்து, சாரி எல்லாம் சொல்லலீங்க. ஒண்ணு கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?" இது தஸ்னீம்.

"அப்பா ரிக் வண்டியில எந்தப் பக்கமா நின்னு வேல பாத்தாரு, கம்ப்ரசர் அவருக்கு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலீங்க. ஊட்டுக்குப் போயி எதுக்கால உக்காந்து அப்பாகிட்டக் கேட்டேன். எடக்கைப் பக்கம்னாரு. எடது காதுதான் முழுசாப் போச்சாமுங்க, வலது கொஞ்சம் கேக்குதாமா. இத்தன வருசமா நாங்க அது தெரியாம ரெண்டு பக்கமும் நின்னு கத்திட்டு இருந்திருக்கறோம். இப்ப வலப் பக்கமா உக்காந்து பேசறேனுங்க. அவரும் பேசறாரு. பேச ஆரம்பிச்சா உடறதே இல்ல."

முதல்வர் பேனாவை மூடிவைத்தார். அவருடைய மைத்துனர் ஒருவருக்கு இரண்டு ரிக் வண்டிகள் ஓடின என்பது கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். "சரி, நீ கிளாஸுக்குப் போ கண்ணு," என்றார்.

தஸ்னீம் அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தாள். தந்தையோடு உரையாடு என்றுதான் மிஷினும் சொன்னது. அதே யோசனைதான். ஒன்று இந்தப் பெண்ணை அன்று முழுக்க அழவைத்தது. மற்றொன்று அவளை அப்பாவுக்கு எதிரே கொண்டுபோய் உட்காரவைத்தது. இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு பக்கம். சொல்லப்பட்டதன் பொருள் சொற்களுக்குள் மட்டும் இல்லை. சொன்னவர் எதுவரைக்கும் படித்துவிட்டுச் சொன்னார் என்பதும் அந்தப் பொருளில் ஒரு பாகம். இவ்வளவு எளிய செய்திக்குத் தன் ஆய்வேட்டில் இடம் இல்லாமல் போனதை எண்ணி அவளுக்குச் சற்று வெட்கமாக இருந்தது.

அறிக்கையை அன்றே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு பாராவில் அது முடியவில்லை. சுற்றறிக்கை எதற்காக வந்தது என்பது அதில் இருந்தது. பயிற்சியில் எதை விரிவாகச் சொன்னாள், எதைக் கடைசி வரியில் தள்ளினாள், எந்தக் கேலிக்குச் சிரித்தாள் என்பதும் இருந்தது. எல்லாத் துறைகளும் அதே வழியில்தான் திருத்தின, தானும் அப்படியே, மஞ்சுளா ஒருவர்தான் கேட்டபோது மறைக்காமல் சொன்னவர் என்பதும் இருந்தது.

சென்னியப்பன் நிதானமாகப் படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "எம்பட சர்க்குலரையும் சேத்திருக்கறீங்க."

"ஆமாங்க சார்."

"ஆய்வுக் குழு கேட்டா இதத்தான் காட்டறதுங்களா?"

"அவங்க கேட்டா காட்டலாம் சார். கேக்கலைன்னா ஃபைல்லயே இருக்கட்டும். ஆனா மஞ்சுளா மேடத்தை வேலையை விட்டு எடுத்தீங்கன்னா, எதுக்கு எடுத்தோம்னு ஒரு அறிக்கை வைக்கணும். இதைத் தவிர வேற அறிக்கை என்னால எழுத முடியாது."

"மெரட்டறீங்களாக்கும்?"

"இல்ல சார். எழுத வராதுன்னு சொல்றேன்."

"மணிமாறன் எழுதிக் குடுப்பாரு."

"கொடுப்பார் சார். அவர் திருத்தின கட்டையும் ஆய்வுக் குழு எடுத்துப் பாக்கும். அவர் பசங்களையும் கூப்பிட்டு, இது யார் எழுதினதுன்னு கேக்கும்."

சென்னியப்பன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோபம்தான், ஆனால் கணக்குப் போடுகிற கோபம். "பின்ன என்னதானுங்க செய்யோணும்? அறுபது பேப்பர அந்தம்மா பஸ்ஸுல உக்காந்து படிக்கோணுமா? மிஷின வேண்டாம்னு தூக்கிப் போடோணுமா?"

"கடைசிப் பாராவுல இருக்கு சார்."

அவர் பக்கத்தைத் திருப்பினார். ஆசிரியர் தான் படித்ததற்கு மட்டும் கருத்துரை எழுதட்டும். படிக்க முடியாதபோது, படிக்கவில்லை என்று மாணவரிடம் சொல்லிவிடட்டும். மிஷினிடம் யோசனை கேட்டிருந்தால் அதையும் சொல்லிவிடட்டும் என்று அங்கே எழுதியிருந்தது.

"அட! இத ஒரு போர்டாவே எழுதிக் காலேஜ் கேட்டுல மாட்டிரலாமுங்களே," என்றார். "'இங்கு படிக்கப்படாது'ன்னு."



அறிக்கையை மூடி வைத்துவிட்டு, சென்னியப்பன் இழுப்பறையிலிருந்து புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தங்களின் கோப்பை எடுத்தார். அவளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். "ஒரு வருசம். அதுக்கு மேல நாஞ் சொல்ல முடியாது. ஒருங்கிணைப்பாளர் பொறுப்புக்கு வேற ஆளப் பாத்துக்கறேனுங்க. நீங்க உங்க ஆராய்ச்சியப் பாருங்க."

"சரிங்க சார்," என்று எழுந்தாள். அந்தப் பொறுப்பு போனது வலிக்கத்தான் செய்தது. விரும்பிச் செய்த வேலை அது. அடுத்த பயிற்சியை எப்படி நடத்த வேண்டும் என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மஞ்சுளா செய்தியைக் கேட்டு நன்றி சொல்லவில்லை. மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு, "திங்கக்கெழம அடுத்த கட்டு வருதுங்க மேடம். அறுபதும் என்னால ஆவாது. ஒழுங்காப் படிச்சா இருபதுதான் முடியும்," என்றார்.

"இருபதுன்னே சொல்லிடுங்க அக்கா."

"புள்ளைங்க முன்னாடியேவா?"

"அவங்ககிட்டத்தானே சொல்லணும்."

திங்கட்கிழமை தஸ்னீமும் அந்த வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். மேசைமேல் கட்டுரைகள் குவிந்திருந்தன. மஞ்சுளா பேசியது கொஞ்சம்தான். இந்த முறை இருபது பேருடையதைத்தான் படிப்பேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் படிப்பேன். படித்தபிறகு ஒவ்வொருவரிடமும் அதைப் பற்றி உட்கார்ந்து பேசுவேன். மற்றவர்கள் கொடுத்ததற்கு ஒரு டிக் மட்டும் போடுவேன். அது படித்ததற்கு அடையாளம் அல்ல. அடுத்த கட்டில் அவர்களுடைய முறை வரும். யார் அந்த இருபது என்பதைச் சீட்டுப் போட்டு எடுக்கலாம்.

வகுப்பில் ஒரு சலசலப்பு. கனிஷ்கா கையைத் தூக்கி, "மேடம், எனக்குச் சீட்டு உழுகலைன்னாலும் எம்பட பேப்பரப் படிக்கக் குடுக்கலாமுங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் அவளைப் பார்த்து ஓவென்று கத்தினார்கள்.

அந்தக் கூச்சல் அடங்கியபோது நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பக்கத்துப் பெண் அவளுடைய துப்பட்டாவைப் பிடித்து இழுத்துப் பார்த்தும் கேட்காமல் மேசைக்கு வந்து, குவியலைக் கலைத்துத் தன் தாளைத் தேடி எடுத்தாள்.

"என்ன சாமி?" என்றார் மஞ்சுளா.

"எம்பட பேப்பரு வேண்டாமுங்க மேடம். சீட்டு உழுந்துட்டா நீங்க நெசமாவே படிச்சுருவீங்க." தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நாளைக்கு நானே வேற எழுதியாறேன்."

அவள் இடத்துக்குத் திரும்புவதற்குள் இன்னும் நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிற்று, சிரிப்பும் இடிபாடும், 'டேய், அது என்னுது' என்று ஒரு குரல். குவியல் கண்ணெதிரே குறைந்துகொண்டே வந்தது. மஞ்சுளா யாரையும் தடுக்கவில்லை. எடுக்காமல் விடப்பட்ட தாள்களை இரு கையாலும் நேராகத் தட்டி அடுக்கிவிட்டு, எல்லோரும் உட்காரும்வரை காத்திருந்து, பாடத்தைத் தொடங்கினார்.